அக்கா கல்யாணத்துக்குப் போட்ட செவ்வந்தி

நம் பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் குழுவில் போன வாரம் நம்மில் ஒருத்தி கேட்டிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில், மொட்டை மாடி சும்மா கிடக்கிறது, ஒரு பூந்தோட்டம் போடலாமென்று ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய், பார்க்க வேண்டிய வீடியோக்கள். எல்லாம் சரிதான். ஆனால் ஒன்றும் தெரியாதவர்கள் சேர்ந்து போட்ட பூந்தோட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் வீட்டில் அக்காவின் கல்யாணப் பேச்சிலிருந்து ஆரம்பித்தது. கைபேசியில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். சரவணம்பட்டியில் இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகள் நிற்கிற பக்கம்தான் எங்கள் வீடு. உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். முன்னால் ரோடு, பின்னால் பொடக்காணி என்கிற புழக்கடை, அதில் துணி துவைக்கிற கல், கொய்யா மரம். அதைத் தாண்டினால் ஒரு துண்டு மானாவாரிக் காடு, மழை பெய்தால்தான் விளைகிற நிலம், ஓரத்தில் அடியில் மட்டும் தண்ணீர் தெரிகிற கிணறு. பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு வந்தது அது. வயலும் தென்னந்தோப்பும் பெரியப்பாவுக்குப் போயின. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அப்பாதான் மில் வேலைக்குப் போனவராயிற்றே. பீளமேட்டில் ஒரு மில்லின் பஞ்சு குடோனில் கிளார்க். காலையில் சைக்கிளில் போய், சாயங்காலம் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியபடி வருவார். மண்வெட்டி பிடித்துக் காய்ப்பு ஏறிய கை அல்ல அவருடையது.

அக்காவுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். சின்ன வயதில் சீழ் பிடித்து அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. அப்பா கொண்டுவரும் சுத்தமான பஞ்சில் ஒரு துளி கிள்ளி, எண்ணெய் தொட்டு, எப்போதும் அந்தக் காதில் வைத்திருப்பாள். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே வராது. பேச்சு வராமலே நாங்கள் எல்லோரும் அவளுடைய வலப் பக்கமாகப் போய் நின்று பேசப் பழகியிருந்தோம். எனக்கு அது ஒரு குறை என்றே வெகுநாள் தெரியாது. எல்லோருக்கும் ஒரு பக்கம்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். கருமத்தம்பட்டியில் விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம், ஒரே பையன். பெண் பார்க்க வந்த அன்று அம்மா அக்காவின் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, முடியைக் கொஞ்சம் இழுத்து அந்தப் பக்கம் மறைத்தாள். பெரியப்பா நாற்காலிகளை மாற்றிப் போட்டார். வந்தவர்கள் எல்லோரும் அக்காவுக்கு வலப் பக்கமாகவே உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தே இருந்தார். அவருடைய அம்மா வாட்டசாட்டமான பெண்மணி, சத்தமாகப் பேசினார். எங்கள் அம்மாவுக்கு அது அதிகாரமாகப் பட்டது. ஆனாலும் எல்லாம் நல்லபடியாக முடிந்து, தை மாதத்தில் முகூர்த்தம் என்று பேசிக்கொண்டார்கள். காதைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்.

"அரிசி நம்ம வயல்ல இருந்து வந்துரும். தேங்காய், எல, எல்லாம் தோப்புல இருந்து வந்துரும். நீ ஒண்ணுக்கும் ரோசன பண்ணாத தம்பி."

நல்ல மனசோடுதான் சொன்னார். அப்பாவும் "சேரிங்க அண்ணா" என்றார். பெரியப்பாவின் வண்டி ரோட்டுத் திருப்பத்தில் மறைந்ததும் பொடக்காணிக்குப் போய் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னார்.

"பூ என்ர காட்டுல இருந்து வரட்டும்."

"எந்தக் காட்டுலீங்க?"

"நம்ம காட்டுலதான்."

"அதுல கொள்ளு வெதைச்சாலே மொளைக்கறதுக்கு ரோசன பண்ணுது."

"மாலைக்கு, மண மேடைக்கு, வாசலுக்கு, எல்லாத்துக்கும் நம்ம பூ. செவ்வந்தி போட்டா தைக்குப் பூத்துரும்ன்னு ரேடியோவுல சொன்னாங்க."

ரேடியோவில் விவசாய நிகழ்ச்சியை அப்பா தவறாமல் கேட்பார். எங்கள் வீட்டில் விவசாயம் அந்த அளவில்தான் இருந்தது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் செவ்வந்தி போட்டிருந்த யாரிடமோ கேட்டு, நாற்றை ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸிலும் சைக்கிளிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். காட்டைக் கொத்திப் புல் பொறுக்க எங்கள் எல்லோருக்கும் உள்ளங்கை கொப்பளித்தது. அப்பா மில் நூலை இரண்டு குச்சிகளில் கட்டி இழுத்து, என் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து, ஒரு விரக்கடை பிசகாமல் நட்டார். வரிசைகள் அத்தனை அழகாக இருந்தன. பாத்திகளை நெல் நாற்றங்காலைப் போலக் குழிவாக வெட்டியிருந்தார், தண்ணீர் நன்றாக நிற்கட்டும் என்று. ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் நன்றாகவே நின்றது. நாற்றுகள் கழுத்து கறுத்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நெல்லில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் நாங்கள் எழுந்தபோது அக்கா காட்டில் இருந்தாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் மண்ணை இரு பக்கமும் இழுத்து மேடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேட்டுல நட்டா தண்ணி வடிஞ்சுருமுங்க அப்பா. இன்னொருக்காப் போய் நாத்து வாங்கிட்டு வாங்க."

அவளுக்கும் ஒன்றும் தெரியாது. செத்த செடியின் வேரைப் பிடுங்கிப் பார்த்து அழுகல் வாடை அடித்ததை வைத்துச் சொன்னாள். அப்பா மறுபடியும் போனார். இந்த முறை செடி நின்றது.

அதற்குப் பிறகு அந்தக் காட்டில்தான் அக்கா வசித்தாள் என்று சொல்லலாம். விடிந்ததும் போய்விடுவாள். தண்ணீர் ஊற்ற எனக்கு ஒரு டால்டா டப்பா, அடியில் ஆணியால் ஓட்டை போட்டது. அந்த டப்பாவின் மேல் இருந்த பனைமரப் படம் தேயத் தேய நான் ஊற்றியிருக்கிறேன். செவ்வந்தி இலையைக் கசக்கி முகர்ந்திருக்கிறீர்களா? பூவின் வாசனை வேறு, இலையின் வாசனை வேறு. மருந்துக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு கசப்பு அதில் இருக்கும். அக்காவின் கையில், தாவணியில், அவள் எனக்குப் பின்னிவிட்ட சடையில், எல்லாவற்றிலும் அந்த வாசனை.

வீட்டுக்கு வந்த ஒறம்பரைகள், சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "கல்யாணப் பொண்ணுக்கு எத்தன ஆசைன்னு பாருங்க, தன்ர மாலைக்குத் தானே தண்ணி ஊத்துது" என்பார்கள். "கூப்புட்டாக்கூடக் காதுல உழுகறதில்ல, நெனப்பெல்லாம் கருமத்தம்பட்டியில" என்று ஓர் அத்தை சொன்னார். அம்மாவுக்கு அதில் பெருமைதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்தால், அவள் எப்போதும் காட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவாள் என்பது ஞாபகம் வருகிறது. கேட்காத காதை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். கல்யாணப் பேச்சு அந்தக் காதோடு நின்றுவிடும்.

ஆவணியில் ஒரு நாள் பெரியப்பாவின் ஆடுகள் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. வேலி என்பது, மில்லில் பஞ்சு மூட்டைகளை இறுக்கிக் கட்டி வருகிற இரும்புப் பட்டைகளை அப்பா கொண்டுவந்து முள்ளோடு பின்னியது. ஆடுகளுக்கு அது ஒரு விளையாட்டு. நாங்கள் ஓடிப் போவதற்குள் கிணற்றோரமாக இருந்த வரிசைகள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. ஒவ்வொரு செடியிலும் நுனியை மட்டும் கடித்துக்கொண்டே போயிருந்தன. அம்மா கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணப் பூவை ஆடு தின்றால் நல்லதா கெட்டதா என்று தெருவில் வயதானவர்களிடம் போய்க் கேட்டாள். அக்கா மட்டும், அந்த மாதங்களில் நான் பார்த்து முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள். கடைசி ஆடு போகும்போது வாயில் ஒரு கொத்தோடு திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். மொட்டையான செடிகள் சாகவில்லை. கடித்த இடத்துக்குக் கீழே, ஒவ்வொரு இலையிடுக்கிலும் ஒரு கிளை கிளம்பிற்று. ஆடு தொடாத செடிகள் ஒற்றைக் குச்சியாக நெட்டையாக நிற்க, ஆடு கடித்தவை குடை விரித்த மாதிரி ஆகிவிட்டன. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் உட்கார்ந்து மீதிச் செடிகளின் நுனிகளை எல்லாம் கிள்ளினோம். மாடியில் செடி வைக்கப்போகிற நம் கூட்டாளி இதைக் குறித்துக்கொள்ளலாம். நான் உருப்படியாகச் சொல்லக்கூடிய ஒரே யோசனை இது. எங்களுக்கு ஆடு சொல்லித் தந்தது.

ஐப்பசி மழையை மேடு தாங்கிற்று. கார்த்திகை பிறந்ததும் மொட்டு வைத்தது, பச்சைப் பட்டாணி மாதிரி, கிளைக்குக் கிளை. அப்பா மில்லிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் காட்டுக்குப் போய்விடுவார். அப்படி ஒரு சாயங்காலம், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸிலிருந்து இரண்டு மாதிரி அட்டைகளை வாங்கிக்கொண்டு நேரே காட்டுக்கு வந்தார். நான் கிணற்றடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, மஞ்சள்ல அடிக்கலாமா, ரோஸ்ல அடிக்கலாமா?"

அக்கா திரும்பவில்லை.

"உன்னயத்தான் கேக்கறேன். சொன்னீன்னா நாளைக்கே குடுத்துப்போடலாம்."

அவள் களையின் மண்ணை உதறி வரப்பில் போட்டாள்.

"என்ன அம்மணி, கேட்டுட்டே நிக்கறேன், நெனப்பு எங்க இருக்குது?"

அப்பா குரலை உயர்த்தியதில் கொய்யா மரத்துக் காக்கை பறந்தது. அவருடைய நிழல் செடியின் மேல் விழுந்ததும்தான் அக்கா நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பயந்து எழுந்தாள்.

"கூப்புட்டீங்களா அப்பா?"

அப்பா தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார். அவர் அவளுக்கு இடப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வரிசையைச் சுற்றி அந்தப் பக்கம் வந்தார். அட்டைகளை நீட்டினார். அக்கா கையில் வாங்கவில்லை, கையெல்லாம் மண்.

"நீங்களே ஒரொரு சமயம் மறந்து போயிடறீங்க அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "அந்த ஊட்டுல ஆருக்கும் தெரியவே தெரியாது. அங்க ஆரு சுத்தி வந்து பேசுவாங்க?"

"மாப்ள நல்ல பையன் கண்ணு."

"நல்லவருதானுங்க. அவர நா ஒண்ணும் சொல்லல. அவிநாசிக் கோயிலுக்குப் போயிட்டு வரும்போது அவங்க ஊட்டுல இறங்கினமே, அன்னைக்கு அவங்க பேசுனது ஒண்ணுமே எனக்குக் கேக்கலீங்க. மூணு பக்கமும் தறி ஓடுது. வாயப் பாத்துப் பாத்துச் சிரிச்சுட்டு வந்தேன். பொறக்கற கொழந்த அழுதா எனக்குக் கேக்குமான்னு இருக்குது."

அப்பா அட்டைகளைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அப்ப வேண்டாங்கறயா?"

"வேண்டாங்கலீங்க. அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. தெரிஞ்சதுக்கு அப்பறமும் வேணும்ன்னாங்கன்னா நா வாரேன்."

அப்பா அந்த ஈர வரப்பில், மில்லுக்குப் போட்டுப் போகிற வெள்ளை வேட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா மறுபடியும் களை பிடுங்க உட்கார்ந்தாள். இருட்டும் வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். நான் போய்க் கூப்பிட்டதும்தான் எழுந்து வந்தார்கள்.

அம்மா சம்மதிக்கவில்லை. "ஒரு காதுதானுங்க, கல்யாணம் ஆகி ஒரு கொழந்த பொறந்துட்டா ஆரு கேக்கப்போறாங்க?" என்றாள். பெரியப்பாவுக்கு இன்னும் கோபம். "வாக்குக் குடுத்தவன் நானு. சொல்றதா இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கோணும். இப்பப் போய்ச் சொன்னா என்ர மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?" என்று கத்தினார். அண்ணன் பேச்சைத் தட்டிப் பேசாத அப்பா அன்றும் தட்டிப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசி, தனியாகக் கருமத்தம்பட்டி பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து, "சொல்லிப்போட்டேன்" என்றார்.

பதில் கேட்டு வரப் பெரியப்பாதான் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஆகாதுன்னுட்டாங்க. பையன் பரவால்லைன்னுதான் சொன்னானாம். அந்தம்மாதான் ஒரே புடியா நின்னுது. எங்கூட்டுக்கு இந்தப் புள்ள ஆகாதுங்கன்னு என்ர மூஞ்சிக்கு நேராச் சொல்லுச்சு. நானும் எந்திரிச்சு வந்துட்டேன்."

அம்மா அந்தப் பெண்மணியைச் சொல்லாத சொல் இல்லை. ராங்கிக்காரி, மனசில் ஈரமே இல்லாதவள். பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அக்கா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள்.

மார்கழி நடுவில் அத்தனையும் பூத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொடக்காணிக் கதவைத் திறந்தால் கண் கூசும். பனி இறங்கின காலையில் அந்த மஞ்சளிலிருந்து ஒரு குளிர்ந்த வாசனை வீட்டுக்குள் வரும். அப்பா வேலைக்குப் போகுமுன் வாசற்படியில் நின்று பார்ப்பார், பிறகு சைக்கிளை எடுப்பார். அம்மா அந்தக் கதவைச் சாத்தியே வைத்தாள். தெருவில் பூ கேட்டு வருவார்கள் என்று நினைத்தோம். யாரும் வரவில்லை. கல்யாணம் நின்ற வீட்டுப் பூவாம். வாசல் கோலத்தில் வைக்க நான் ஒரு கை பறித்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது பார்த்தால் அது சாக்கடையோரம் கிடந்தது.

தை பிறந்த கையோடு யாரும் எதிர்பாராத மழை பெய்தது. அதற்குப் பிறகு ஒரு நாள், கோபம் தணிந்தோ தணியாமலோ, பெரியப்பா வந்தார். கருமத்தம்பட்டிக்காரர்கள் தங்கள் சொந்தத்திலேயே ஒரு பெண்ணைப் பார்த்து, பேசி வைத்த அதே முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம். மழையில் பூவெல்லாம் அழுகி, மார்க்கெட்டில் பூவே இல்லையாம், முகூர்த்த நாள் வேறு, மாலைக்கே திண்டாட்டமாம்.

"நல்லா வேணும்" என்றாள் அம்மா.

அக்கா பெரியப்பாவுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். "நம்ம செடி மேட்டுல இருக்கறதால அழுகலீங்க. பூ செடியிலேயே காயுது. குடுத்துரலாங்க" என்றாள்.

"உனக்குப் புத்தி பெரண்டுபோச்சா?"

"அந்த முகூர்த்தத்துக்குன்னுதானுங்க போட்டம். அது பூத்துருச்சு. அது என்னங்க பண்ணும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்து, "நீங்க சொல்லி உடுங்க அண்ணா. வேணும்ன்னா வந்து எடுத்துக்கட்டும்" என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் துணி மூட்டை ஏற்றுகிற வேன் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. யாராவது ஆள் வருவார் என்று பார்த்தால், இறங்கியது மாப்பிள்ளையின் அம்மாதான். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவரே வந்திருந்தார். அம்மா "வாங்க" என்றாள். வந்தவர்களுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டுமே, கொடுத்தாள். கையில் கொடுக்கவில்லை, பக்கத்தில் தரையில் வைத்தாள். அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டு, "புள்ள எங்கீங்க?" என்று கேட்டார். நான் காட்டைக் காட்டினேன்.

அக்கா இடுப்பில் கூடையோடு பறித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஏங்கண்ணு, நல்லாருக்கறயா?" என்றார். அக்கா பாட்டுக்குப் பறித்துக்கொண்டே இருந்தாள். அவர் நின்றது இடப் பக்கம். எனக்குப் பின்னால் அம்மாவும் வந்து நின்றிருந்தாள். வேண்டுமென்றே அவமதிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாரே என்று எனக்கும் பயம்.

அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செடி மிதிபடாமல் வரிசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். அக்கா அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் இடது காதை அவள் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பக்கம் பேசு கண்ணு. எனக்கு வலது காது கேக்காது."

அக்கா பறித்த பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப இருந்துங்க?"

"தறி ஓட்டப் போய் ஏழெட்டு வருசத்துல போச்சு. தறிக்கு அந்தக் காதக் காட்டிக்கிட்டே நின்னு ஓட்டுனது. இன்னொண்ணும் பாதிதான். ரெட்டத் தரம் கேட்டாத்தான் வெளங்கும்."

பிறகு எங்கள் அம்மா நிற்பதைப் பார்த்து, அவளுக்கும் சேர்த்துச் சொன்னார்.

"வேண்டாம்ன்னது நாந்தானுங்க. உங்க ஊட்டுக்காரரு வந்து உள்ளதச் சொன்னதும் எங்கூட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் பரவால்லைன்னுதான் சொன்னாங்க. அவங்களுக்கு என்னங்க தெரியும்? இருக்கற ஒரு காதயும் கொண்டாந்து எங்கூட்டுத் தறிக்குக் குடுக்கோணுமாங்க இந்தப் புள்ள? எனக்கு மனசு வரல. அதத்தான் உங்க மூத்தாருகிட்டச் சொல்ல வாயெடுத்தேன். ஆகாதுங்கன்னதும் அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு."

அம்மா வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் காபி இருந்தது. அதை அந்த அம்மாளின் கையில் கொடுத்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை நாள் கண்ணெடுத்தும் பார்க்காத காட்டில் இறங்கி, பறிக்க ஆரம்பித்தாள். நாங்கள் நான்கு பெண்பிள்ளைகள் பறித்தோம். பறிக்கப் பறிக்க வந்துகொண்டே இருந்தது. வேன் நிறைந்தது.

"கல்யாணம் நின்னுபோன ஊட்டுப் பூவுங்க" என்று அம்மா கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்க ஒறம்பரைங்க எதாச்சும் சொல்லுவாங்க."

"பூ என்னங்க பண்ணுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் வேனில் ஏறினார். ஏறினவர் தலையை நீட்டி, "வரப்போற புள்ளையத் தறிப்பக்கமே உடமாட்டேனுங்க" என்றார். அம்மாவிடம் எதற்கு அதைச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அப்பா மட்டும் கல்யாணத்துக்குப் போனார். கூடாதென்று பெரியப்பா சொல்லியும் போனார். மத்தியானம் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மாலையில ஒரு எதழ்கூட உதுரல. பந்தியில ஒருத்தரு கேட்டாரு, பூ எந்த ஊருதுங்கன்னு. என்ர காட்டுதுங்கன்னேன்."

அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் கலந்திருந்ததா என்று இன்றைக்கு யோசிக்கிறேன். இருந்திருக்கும். ஒரு குழந்தைக்கு அது தெரிய நியாயமில்லை.

அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வந்து நின்றதும், "எனக்கு இந்தக் காது கேக்காதுங்க, பேசறவங்க இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்று முதல் பேச்சாக அவளே சொன்னாள். மாமா, அதாவது அவளைக் கட்டிக்கொண்டவர், எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார். இப்போது மாமா இல்லை. அக்காவுக்கு எழுபது தாண்டி, கேட்ட காதும் மந்தமாகி, மிஷின் மாட்டியிருக்கிறாள். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். மகன் வீட்டு வாசலில் நாலு தொட்டியில் செவ்வந்தி வைத்திருக்கிறாள்.

ஆனால் நான் சொல்லி முடிக்க வேண்டியது அந்த வருஷத்துப் பங்குனி. பூத்து ஓய்ந்த செடிகளை அப்பா அறுத்துவிட்டார். கொள்ளு விதைக்கலாம் என்று கொத்தப் போனபோது, அறுத்த தூரைச் சுற்றி மண்ணுக்குள்ளிருந்து குட்டிக் குட்டியாகப் பக்கக்கன்றுகள் கிளம்பியிருந்தன. அவற்றைப் பிடுங்கி நட்டால் அடுத்த வருஷத்துச் செடி. அதுவும் எங்களுக்கு அன்றுதான் தெரியும். எப்படியோ இந்தச் செய்தி கருமத்தம்பட்டிக்கும் போயிற்று. ஒரு மத்தியானம் அந்த அம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு ஈரச் சாக்கோடு. தன் வீட்டு முன்னால் நாலு செடி வைக்க ஆசையாம், மருமகளும் கேட்டாளாம், நாற்று கொடுக்க முடியுமா என்று.

அக்கா அவரைக் காட்டுக்குக் கூட்டிப் போனாள். அம்மா என்னிடம் மோர் கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது இரண்டு பேரும் நாற்றுகளைப் பிடுங்கிச் சாக்கில் வைத்துவிட்டு, வேப்ப மரத்து நிழலில் வரப்பின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு வலப் பக்கம் அவர், அவருக்கு இடப் பக்கம் அக்கா. யாரும் யாரையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை, தலையைத் திருப்பவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரிடமும் உரக்கவே பேசுகிற அக்கா அன்று மெதுவாகப் பேசினாள். அவரும் மெதுவாகப் பேசினார். நடுவில் ஒரு தடவை அக்கா சிரித்தாள். நான் மோர்ச் சொம்பை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்று, என்ன பேசுகிறார்கள் என்று கேட்க எவ்வளவோ முயன்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.